எக்கோ பெட்டியில் சொருகிய ஒயர்

ஆரோக்கியதாஸின் கை கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போனது என்று எல்லோரும் நம்பியதற்குக் காரணம் நான்தான். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் பல வருடங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எழுதிவிட்டேன்! இந்தச் சில வரிகளுக்காகவா இத்தனை காலம் பயந்து செத்தேன்? நெஞ்சு இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால்... இல்லை, தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பொய் சொல்ல இது இடமில்லை.

நீங்கள் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தொண்ணூறுகளில் நெய்வேலியில் பாட்டுக் கச்சேரி கேட்டவராக இருந்தால் மேடையைப் பார்த்திருப்பீர்கள். தோளில் ஒயர் சுருளை மாட்டிக்கொண்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து ஓடியவனை யார் பார்ப்பார்கள்? எனக்கு அதுதான் வசதி. நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். படிப்பு பத்தாவதோடு நின்றது. கான்ட்ராக்டில் ஒயரிங் வேலை. கச்சேரி உள்ள நாட்களில் குமரவேலின் மெல்லிசைக் குழுவுக்குச் சாமான்களை இணைத்துக் கொடுப்பேன்.

குமரவேல் கீபோர்டு வாசிப்பார். குழு அவருடையது. டிரம்ஸ் ஆரோக்கியதாஸ். நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத எந்திரத்தில் ஆபரேட்டர், பர்மனென்ட் ஆள். குழுவில் மற்றவர்களுக்கு என் பெயர் ‘ஒயரு’. “ஒயரு, மைக்க ஏத்துடா.” “ஒயரு, கரகரங்குது பாரு.” அவர் ஒருவர்தான் “பாலு, சாப்ட்டியா?” என்பார். ஒத்திகை அவருடைய குவார்ட்டர்ஸ் கூடத்தில்தான் நடக்கும். அவர் மனைவி லூர்து அக்கா எனக்கு மட்டும் காபியில் சர்க்கரை கூடுதலாகப் போடுவார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நான் செய்தது ஓர் எதிரிக்கு இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான்.

ஒரு வருடம் குமரவேல் சென்னையிலிருந்து சீக்வென்சர் வாங்கி வந்தார். முன்கூட்டியே வாசித்துப் பதிந்து வைத்த இசையைப் பிளாப்பி டிஸ்க்கிலிருந்து எடுத்து ஓட்டும் பெட்டி அது. வயலின் கூட்டம், பேஸ் கிட்டார் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஆனால் அது யாருக்காகவும் நிற்காது. மனிதர்கள்தான் அதனோடு ஓட வேண்டும். அதனால் டிரம்ஸ்காரரின் காதில் ஹெட்போன் மாட்டி, பெட்டி தருகிற ‘டிக் டிக்’ சத்தத்தைக் கேட்டு வாசிக்கச் சொன்னார்கள்.

ஒத்திகையில் ஆரோக்கியதாஸ் அண்ணன் அதை ஊதித் தள்ளினார்! “மணிக்கு ஆயிரம் டன்னு மண்ண அள்ளுற மிஷினையே ஓட்டுறேன், இந்த டப்பா என்ன பெரிய டப்பா?” என்று சிரித்தார். குமரவேலே கை தட்டினார்.

பிறகு அந்தக் கச்சேரி வந்தது. பொங்கலை ஒட்டி, டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கின் மைதானத்தில். நல்ல கூட்டம்.

மாலையில் நான் சாமான்களை இணைத்துக்கொண்டிருந்தேன். ஒத்திகையில் ஹெட்போனை நேராக சீக்வென்சரில் சொருகியிருந்தோம். மேடையில் ஒயர் எட்டவில்லை. எல்லா மைக், கருவிகளின் ஒயரும் வந்து சேரும் மிக்சர் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். மிக்சரில் துளைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. பக்கத்தில் பாடகர்களின் குரலுக்கான எக்கோ பெட்டி இருந்தது. அதில் ஒரு துளை காலியாக இருந்தது. டிக் டிக்கை அந்தப் பெட்டிக்கு அனுப்பி, காலித் துளையில் ஹெட்போனைச் சொருகினேன்.

சவுண்டு பார்க்கும் நேரத்துக்கு அண்ணன் வரவில்லை. அவருக்கு ஷிப்ட் மாற்ற வேண்டிய ரிலீவர் வரவில்லையாம். ரிலீவர் வராமல் எந்திரத்தை விட்டு இறங்க முடியாது. எங்கள் ஊரில் இது வழக்கம். இப்படி யாராவது வராவிட்டால் அவர் இடத்தில் நான் உட்கார்ந்து சரிபார்ப்பேன். அன்றும் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். டிக் டிக் வந்தது. “வருதா ஒயரு?” என்றார் குமரவேல். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். எப்போது வருகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

அந்தத் துளையில் எக்கோ மட்டும்தான் வெளியே வரும். அதாவது, சத்தம் கண் சிமிட்டும் நேரம் தாமதித்து வரும். பாட்டு ஸ்பீக்கரில் போன பிறகுதான் அதற்கான டிக் அண்ணன் காதுக்கு வரும்...

அவர் யூனிபார்மை மாற்றக்கூட நேரமில்லாமல் மேடை ஏறினார். நேராக ஹெட்போனை மாட்டினார். பாட்டு தொடங்கியது. ஒவ்வொரு அடியும் பின்னால் விழுந்தது. காதில் ஒரு தாளம், மேடையில் ஒரு தாளம். எதை நம்புவார்? ஹெட்போனை மட்டும் நம்பு என்று நாங்கள்தானே சொல்லியிருந்தோம்!

இரண்டாவது பாட்டிலேயே கூட்டம் கண்டுபிடித்துவிட்டது.

“டேய் டிரம்மு, தூங்கிகினு அடிக்கிறியா?”

“பாட்டு வடலூரே போயிடுச்சு, நீ இன்னும் இங்க பஸ்ஸுக்கு நின்னுகினு இருக்கியே!”

விசில். சிரிப்பு. குமரவேல் கழுத்தைத் திருப்பித் திருப்பி முறைத்தார். அண்ணன் முகத்தில் வியர்வை வழிந்தது. கைகளையே பார்த்து அடித்தார். தன் கைகளை ஒரு மனிதர் அப்படிப் பார்த்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது என் கை எக்கோ பெட்டியில் வந்து நின்றது. பார்த்தவுடன் புரிந்துவிட்டது.

பத்தடி தூரத்தில் குமரவேல் கத்திக்கொண்டிருந்தார். “காது போச்சு தாஸு உனக்கு. அந்த மிஷின் சத்தத்துலயே வருஷக்கணக்கா உக்காந்துகினு இருந்தா வேற என்னாவும்? மானம் போச்சு இன்னிக்கு.” சுற்றிலும் குழுவினர், விழாக் குழுவினர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அண்ணன் தலையைக் குனிந்து, “ஆமாம்ப்பா, எனக்கே தெரியுது... லேட்டாவுது,” என்றார்.

ஒரு வாக்கியம். ‘தப்பு என்னுது சார்’ என்று ஒரே வாக்கியம் போதும். எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒயரை உருவி, முழங்கையில் சுற்றி, பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

கூச்சம் என்று இதற்குப் பெயர் வைக்கலாமா? வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கூச்சப்படுகிறவன் மறுநாள் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாமே! போனேன். லூர்து அக்கா காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அண்ணன் காது டாக்டரிடம் போனார். காதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். நல்ல செய்திதானே? இல்லை! காது நன்றாக இருந்தால் கெட்டது கைதான் என்று முடிவு செய்துவிட்டார். அடுத்த கச்சேரியில் நான் ஒயரைச் சரியான இடத்தில் சொருகினேன். அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஆனால் லேட்டாகிவிடுமோ என்ற பயத்தில் அவர் ஒவ்வொரு அடியையும் முந்தி அடித்தார். ‘தாஸுக்குக் கை போச்சு’ என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். இந்த முறை தவறு உண்மையிலேயே அவர் கையில் இருந்தது. அதை அங்கே வைத்தவன் நான்.

குமரவேல் டிரம்ஸையும் பெட்டிக்குள் பதிந்துவிட்டார். பெட்டியை இயக்க மேடையில் ஓர் ஆள் வேண்டும். யார்? நான்தான்! ஆரோக்கியதாஸ் உட்கார்ந்த இடத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். பட்டனை அழுத்தினால் தாளம் ஓடும். யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், ஆனால் நான் மேடையில் இருப்பேன். அது எனக்குப் பிடித்திருந்தது. இந்த வரியை எழுதத்தான் அதிகம் கஷ்டப்பட்டேன்... மிகவும் பிடித்திருந்தது.

அவர் டிரம்ஸை விற்றுவிட்டார். மகள் கல்யாணத்தில் எங்கள் குழுதான் வாசித்தது. பெண்ணின் அப்பா முன்வரிசையில் உட்காரவே இல்லை. பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அவர் ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸை ஒப்படைக்க வேண்டிய நேரம் வந்தது. காடாம்புலியூரில் வீடு கட்டியிருந்தார். பீரோ இறக்க உதவப் போனேன். இவரும் போய்விட்டால் இனி எப்போது? கயிறு கட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

அவர் கயிற்றை விட்டுவிட்டார். “மறுபடியும் சொல்லு.”

சொன்னேன்.

“எந்த ஓட்டையில சொருகின?”

அதையும் சொன்னேன். தரையில் கிடந்த சாக்பீஸால் மிக்சர், எக்கோ பெட்டி, ஹெட்போன் எல்லாம் வரைந்து காட்டச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார். “லூர்து! இங்க வா! என் கை லேட்டு இல்லியாம்டி! ஒயரு லேட்டாம்!”

அவர் சிரித்தார். கண்களில் நீர் வழிந்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். மன்னித்துவிட்டார் என்றே நினைத்துவிட்டேன்!

லூர்து அக்கா வாசற்படியில் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “இத மனசுல வச்சிக்கினாடா இத்தினி வருஷம் என் கையால காபி வாங்கிக் குடிச்ச?”

அண்ணனின் சிரிப்பு நின்றது.

“அக்கா...” என்றேன்.

“அக்கான்னு கூப்புடாத.”

வண்டி கிளம்பும்போது அண்ணன் என்னிடம் வந்தார். ‘தம்பி’ என்றும் சொல்லவில்லை, ‘பாலு’ என்றும் சொல்லவில்லை. “என் கை போச்சுன்னு அவ்வளோ பேர் முன்னாடி சொன்னாங்க. நீ வூட்டுக்குள்ள வந்து என் காதுல சொல்ற. அவ்வளோ பேர் முன்னாடி சொல்லு, பார்க்கலாம்.”

என்னால் எந்த மேடையிலும் நின்று பேச முடியாது. அது அவருக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். பெரிய பாரம் இறங்கியது போல இருக்கிறது, மறைக்க மாட்டேன். சில நாட்களாக நன்றாகத் தூங்குகிறேன். எனக்குக் கிடைத்த இந்த நிம்மதி நியாயமா என்றும் யோசிக்கிறேன்... அவருக்கு என்ன கிடைத்தது? வாசிக்க வேண்டிய வயதெல்லாம் தன் கையைச் சந்தேகப்பட்டுக் கழித்தவருக்கு, இப்போது கை நல்ல கைதான் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

காடாம்புலியூர்ப் பக்கம் நான் இன்னும் போகவில்லை.

அந்தப் பொங்கல் கச்சேரியில் நீங்களும் இருந்தீர்களா? விசில் அடித்துச் சிரித்தீர்களா? அப்படியென்றால் உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அன்று அவர் காதில் விழுந்த தாளத்துக்கு ஓர் அடிகூடப் பிசகாமல் வாசித்தார்.