எட்டுப் பேர் சிரித்த கையெழுத்து

எஸ்நாட் என்பவளை எங்கள் பிஸ்கட் ஆலையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிசோமோவைப் பெற்றவள், அதனால் சிசோமோம்மா. எங்கள் என்டோலா நகரத்தில் பாதிப் பேர் அவள் கட்டிய பொட்டலத்தைப் பிரித்துத்தான் தேநீர் குடித்திருப்பார்கள். பதினோரு வருடம் ஒரே வரிசையில் நின்றாள், பதினோரு வருடமும் தினக்கூலியாக. உடைந்த பிஸ்கட்டைப் பார்க்காமலேயே விரலால் தடவித் தள்ளிவிடுவாள். மூன்று வருடம் அவள் பக்கத்தில் நின்றும் எனக்கு அது கைவரவில்லை. இப்போது அவள் சந்தையில் தக்காளி விற்கிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

அவள் கிழக்கிலிருந்து வந்த ங்கோனிக்காரி. நான் பெம்பா இனம். பணியாளர் அதிகாரி கபாசோவும் பெம்பா. எங்கள் பாட்டன்மார் ஒருவரை ஒருவர் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள். அந்தப் பாவத்துக்குத்தானோ என்னவோ, எங்களுக்குக் கேலி முறை வந்து சேர்ந்தது. மச்சானும் மச்சினியும் மாதிரி, வாய்க்கு வந்தபடி வையலாம். கோபம் மட்டும் வரக்கூடாது. வந்தால் அவன் மனுஷனே இல்லை என்பார்கள்.

"என்ன எலிதின்னி, இன்னிக்கும் வந்துட்டியா? பொந்துல எலி தீந்துபோச்சா?" என்பான் கபாசோ, காலையில் வாசலிலேயே.

"தீரலய்யா கொரங்குதின்னி. உனக்குன்னு வால மட்டும் எடுத்து வெச்சிருக்கேன், சாயங்காலம் வந்து வாங்கிக்கோ."

இதைக் கேட்காமல் எங்களுக்குப் பொழுது விடியாது. அவள் புருஷன் செத்தபோது சவப்பெட்டிக்குக் குறுக்கே போய்ப் படுத்தவனும் கபாசோதான். "ஒரு கோழி குடுக்காம இந்த எலிதின்னியப் பொதைக்க விடமாட்டேன்!" என்று கத்தினான். கேலி முறைக்காரன் செய்யவேண்டியது அது. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு அவனே குழியும் வெட்டினான். அன்றிலிருந்து அவனைக் கூடப் பிறந்தவனுக்கும் மேலாக நம்பினாள்.

அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. தினக்கூலி என்று சொல்லி ஆளை வருடக்கணக்கில் இழுத்தடிக்கக் கூடாது, நிரந்தரமாக்கி, உழைத்த வருடங்களையும் பணிக்கொடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வானொலியில் சொன்னார்கள். ஆங்கிலக் காகிதம் புரியாதவருக்கு அவர் மொழியில் விளக்கி, சாட்சி வைத்துத்தான் கையெழுத்து வாங்கவேண்டுமாம்.

சிசோமோம்மா வேறு எதையும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒருமுறை மலேரியாவோடு வந்து வரிசையில் நின்றாள், படுத்தால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும் என்பதால். "பெர்மனென்ட் ஆயிட்டா, காய்ச்சல் வந்தா படுத்துக்கலாம் சிலேஷே. எந்திரிச்சு வந்தா என் எடம் எனக்கு இருக்கும்" என்று என்னிடம் தினமும் சொன்னாள்.

முதலாளிமார்களுக்குப் புதுச் சட்டத்தை விளக்கும் வகுப்பு என்று கபாசோ தலைநகருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தான். அங்கே என்ன படித்தான் என்பது மறுவாரம் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். சோளமாவுக் களியான இன்ஷிமாவை உருட்டிக் கீரையில் தொட்டுக்கொண்டிருந்தோம். அவளைச் சேர்க்காமல் எட்டுப் பேர். கபாசோ ஆங்கிலக் காகிதக் கட்டோடு வந்து நேராக அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"சிசோமோம்மா, நல்லாக் கேட்டுக்கோ. உன் பாஷையிலயே சொல்றேன். இது உன்னை வீட்டுக்கு அனுப்புற காகிதம். நீயா வேலைய விட்டுட்டுப் போறேன்னு எழுதியிருக்கு. பதினோரு வருஷமும் போச்சு. வேணும்னா நாளைக்கு காண்ட்ராக்ட்காரன்கிட்டப் புது ஆளா வந்து நில்லு. வெளங்குச்சா, எலிதின்னி?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"வெளங்குச்சுடா கொரங்கு! நான் போயிட்டா ஆலைய யாரு நடத்துவா? மரத்துலேருந்து உங்க பெரியப்பன் எறங்கி வருவானா?"

கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பெரிய பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். கபாசோவும் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். ஒரே ஒரு தடவை சிரிக்காமல் சொல்லியிருக்கலாம் படுபாவி. சாட்சிக்கு எட்டுப் பேரும் வரிசையாகப் போட்டோம். அவள் நிரந்தரமாகிவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். கைகூடத் தட்டினேன்.

மறுநாள் காவலாளியின் பட்டியலில் அவள் பேர் இல்லை. நேராகக் கபாசோவின் அறைக்குப் போனாள். ஜன்னல் திறந்திருந்தது, வரிசை முழுக்கக் கேட்டது.

"நீ கேலி பண்றேன்னுல்ல நெனச்சேன்!"

"நான் ஏதாவது பொய் சொன்னேனா? உன் பாஷையில, எட்டுப் பேர் முன்னாடி சொன்னேன். சட்டம் கேட்டது அதைத்தான்."

அவள் கத்தவில்லை. "நீ என் புருஷனுக்குக் குழி வெட்டினவன்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு நிரந்தரக் காகிதம் வந்தது. மூன்று வருடத்துக்காரியைச் சேர்த்துக்கொள்வதில் ஆலைக்குப் பெரிய நஷ்டமில்லை. எங்கள் வரிசையில் பழைய ஆள் அவள் ஒருத்திதான்.

அவள் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். சாட்சி யார் என்று கேட்டதற்கு என் பேரைச் சொல்லியிருக்கிறாள். நான் சாட்சி சொல்லப் போவதற்கு முந்தின நாள் கபாசோ என் பக்கம் வந்து, "உனக்கு இன்னும் மூணு மாசம் சோதனைக் காலம், ஞாபகம் இருக்குல்ல?" என்றான். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

விசாரித்த அம்மா நியாயமானவள் போலத்தான் தெரிந்தாள். தோங்கா இனத்துக்காரி, அவர்களுக்கும் லோசி இனத்துக்கும் இதே கேலி முறை உண்டு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், விளக்கவே வேண்டாம்.

"இந்தக் காகிதத்துல என்ன இருக்குன்னு கபாசோ இவங்க பாஷையில சொன்னாரா, சொல்லலையா?"

"சொன்னார்" என்றேன்.

அந்த அம்மா எழுதிக்கொண்டாள். முறைக்காரன் கேலியாகச் சொன்னான் என்பது என் நாக்கு நுனி வரை வந்து நின்றது. சிசோமோம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் முடிக்கவில்லை என்றுதான் நினைத்தாள். பேனா நின்ற பிறகும் காத்திருந்தாள்.

"அவ்ளோதானா சிலேஷே?" என்று கேட்டாள். என் பாஷையில், பெம்பாவில் கேட்டாள்.

"அவ்ளோதான்" என்றேன்.