அடைத்த பொட்டு

எங்கள் வீட்டு வளவு பதினெட்டுப் பரப்பு, ஓர் ஏக்கருக்கும் மேல். அதில் இருப்பது நான் ஒருத்தி. கூடப்பிறந்தவர்கள் மூன்று பேரும் கனடாவில் இருந்துகொண்டு, "அக்கா, வீட்டை வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று போனில் சொல்வார்கள். வீடு என்னைப் பார்த்துக்கொள்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு ஏழு வருடமாகியும் ஊருக்கு நான் இன்னும் ரீச்சர்தான்.

மாரி தொடங்குமுன் வேலைகள் வந்து குவியும். உடைந்த ஓடு மாற்ற வேண்டும். கூரைப் பீலிக்குள் அடைந்துபோன மாவிலையை அள்ள வேண்டும். முற்றத்து வெள்ளம் வெளியே ஒழுங்கைக்குப் போக வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். விறகைக் கொட்டிலுக்குள் அடுக்க வேண்டும். சிரட்டை, பழைய வாளி எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்காவிட்டால், டெங்கு நுளம்பு பார்க்க வருகிற சுகாதாரப் பரிசோதகர் ரீச்சர் என்றும் பாராமல் எழுதிக்கொண்டு போய்விடுவார். இவ்வளவுக்கும் மேலே வேலி அடைக்கிற வேலை. மூன்று பக்கமும் தம்பி மதில் கட்டுவித்துவிட்டான். பின்பக்கத்துத் தென்னோலைக் கிடுகு வேலியில் மட்டும் கை வைக்க நான் விடவில்லை. அதில் ஒரு பொட்டு இருந்தது.

பொட்டு என்றால் ஓர் ஆள் குனிந்து போய்வர வேலியில் விட்டுவைக்கிற இடைவெளி. வாசல் படலையால் வருகிறவர்கள் விருந்தாளிகள். பொட்டால் வருகிறவர்கள் வீட்டு மனிதர். எங்கள் ஊரில் அயலவரோடு கோபம் வந்தால் வாய்திறந்து சண்டை பிடிக்கத் தேவையில்லை. பொட்டை அடைத்துவிட்டால் போதும், விஷயம் விளங்கிவிடும்.

பின் வளவில் ஓர் அக்கா இருந்தார். எழுபத்தைந்து தாண்டியவர். அவரும் தனி. அவருடைய படலை வேறோர் ஒழுங்கையில் இருப்பதால் ரோட்டால் சுற்றிப் போனால் கால் மணித்தியாலம் பிடிக்கும். பொட்டால் இருபது அடிதான். பின்னேரம் நாலு மணிக்கு நேரே என் குசினிக்குள் வந்து, தானே கேத்திலை அடுப்பில் வைப்பார். "உம்மடை தேத்தண்ணி சாயம் போன சீலை மாதிரிப் பிள்ளை. குடிக்கிறவைக்குப் பாவம்" என்பார். நாள் முழுவதும் நான் ஒரு மனிதக் குரலைக் கேட்பது அந்த ஒரு மணித்தியாலம்தான்.

போன ஐப்பசியில் அவருடைய கோழிகள் வந்து என் கீரைப் பாத்தியைக் கிண்டி எறிந்துவிட்டன. எனக்கு மூக்கின்மேல் கோபம். "அக்கா, உங்கடை கோழியள் என்ரை பாத்தியை நாசமாக்கிப் போட்டுதுகள்" என்று கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. "நான் மறிச்சு வைக்கிறன் பிள்ளை" என்றார். அன்றைக்குத் தேத்தண்ணியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து வேலியடைப்பு. வழமையாக வருகிறவருக்குச் சுகமில்லை. தென்மராட்சிப் பக்கத்திலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். "ஒரு ஓட்டை தெரியக் கூடாது" என்று அவரிடம் சொல்லிவிட்டு நான் சுன்னாகம் சந்தைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் வேலி பள்ளிக்கூட மதில் மாதிரி நேராக நிற்கிறது. பொட்டையும் சேர்த்து அடைத்துவிட்டார். மனுஷனைக் குறை சொல்ல முடியாது. சொன்னதைச் செய்தார்.

அந்த இடத்திலேயே அதை வெட்டுவித்திருக்கலாம். புதுக் கிடுகு நல்ல வடிவாக இருந்தது. கோழியும் வராது. ஒரு கிழமை கிடக்கட்டும் என்று நினைத்தேன். பிழை என்னுடையதுதான், இதில் யாரையும் பங்கு சேர்க்கப் போவதில்லை.

அடுத்த நாள் நாலு மணிக்கு அக்கா வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. வேலி தானாக அடைபட்டுப்போனது என்று போய்ச் சொல்ல வேண்டும் என்று எல்லா நாளும் நினைப்பேன். ஆனால் எதால் போவது? அவ்வளவு காலம் பொட்டால் போனவள் இனிக் குடையும் பிடித்துக்கொண்டு அவருடைய படலையில் போய்த் தட்டினால், கோபத்தை நானே உறுதிப்படுத்துவது போலாகிவிடாதா? தவிர, அவருக்கும் வாய் இருக்கிறது, ஏன் அடைத்தாய் என்று கேட்கலாம்தானே? இப்படியே கார்த்திகை வந்துவிட்டது.

கார்த்திகை மழையில் பெரிய அறையில் ஓடு விலகி ஒழுகத் தொடங்கியது. வாளி வைத்து, நிறைய நிறைய ஊற்றினேன். நனைந்ததில் காய்ச்சல். மூன்று நாள் கட்டிலோடு கிடந்தேன். கனடாவிலிருந்து தம்பி வீடியோவில் வந்து, "உங்கை என்ன குளிர் அக்கா? இஞ்சை வந்து பாருங்கோ" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பக்கத்தில் யாராவது ஒரு கோப்பை கஞ்சியைக் கொண்டுவந்து வைக்கமாட்டார்களா என்று இருந்தது. அக்காவின் மீது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூன்று நாளாக இந்த வீட்டில் அடுப்பு மூளவில்லை. புகை வரவில்லையே என்று ஒரு குரல் கூடவா கொடுக்க முடியாது? தனிமை என்பது அமைதி என்று எழுதுகிறவர்களைக் கொண்டுவந்து அந்தக் கட்டிலில் மூன்று நாள் படுக்கவிட வேண்டும்.

மார்கழி பிறந்து வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த ஒரு காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். மானம் மரியாதை எல்லாம் போகட்டும் என்றாகிவிட்டது. கட்டுகளை அறுத்துக் கிடுகை இழுத்துப் போட்டுவிட்டுக் குனிந்து அந்தப் பக்கம் போனேன். முற்றம் முழுவதும் சருகு ஊறிக் கிடந்தது. குசினிக் கதவில் ஆமைப்பூட்டு தொங்கியது.

அவருடைய ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருக்கிற பெண் என்னைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள்.

"உங்களுக்குத் தெரியாதே ரீச்சர்? அவ கிணத்தடியிலை வழுக்கி விழுந்து இடுப்பு முறிஞ்சு போச்சு. விடியப் பால் குடுக்க வந்த பெடியன்தான் கண்டவன். மகள் வந்து கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டா. மூண்டு கிழமைக்கு மேலையாச்சு. பின் வளவிலைதானே இருக்கிறியள்?"

மூன்று கிழமை. நான் கட்டிலில் கிடந்து ஆளில்லாத வீட்டோடு கோபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகளின் போன் நம்பரைக் கடைக்காரியிடம் வாங்கினேன். அம்மா இன்னும் கதைக்கிற நிலையில் இல்லை, இனித் தனிய விடமாட்டோம் என்றாள் மகள். அதன் பிறகு தினமும் பின்னேரம் அந்த முற்றத்தைக் கூட்டினேன். அவருடைய பீலியை அள்ளினேன். தேங்கின தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிவிட்டேன். என் வளவுக்குக்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

பத்து நாளைக்குப் பிறகு மகள் போனை அவரிடம் கொடுத்தாள். குரல் மெலிந்து போயிருந்தது.

"உங்கை மழை விட்டுதோ பிள்ளை?"

"விட்டிட்டுது அக்கா." நாட்கணக்காக மனத்துக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "அக்கா, பொட்டை நான் அடைக்கச் சொல்லேல்லை. வேலைக்கு வந்தவர் தெரியாமல் அடைச்சது. நான் உடனை வெட்டியிருக்க வேணும். விழுந்தது எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லை."

"எப்பிடிக் கேக்கும்? மழை இரைஞ்சுகொண்டெல்லே இருந்தது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ரெண்டு தரம் கூப்பிட்டுப் பாத்தனான் பிள்ளை. பிறகு, பொட்டை அடைச்சுப்போட்டு இருக்கிற மனிசியைக் கூப்பிடுறது வடிவில்லை எண்டு விட்டிட்டன்."