கட்டிலுக்கு ஓர் இடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் என் பக்கத்து வீட்டு அக்கா, மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர். ஒல்லியானவர், குரல் மட்டும் பெரியது. ஒற்றை அறை வீட்டில் தரையில் முடிந்தவரை எதையும் வைக்கமாட்டார். மிளகுக் கிடங்கின் பழைய சாக்குகளைத் துவைத்துப் பைகளாகத் தைத்து, துணி, பாத்திரம், செருப்பு எல்லாவற்றையும் சுவரில் தொங்கவிட்டிருந்தார்.

அக்காவின் மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நாளில் கட்டில் போட இடம் போதவில்லை. நான் டேப் வைத்து அளந்தேன். டிவி மேசையை வெளியே எடுத்தால்தான் கட்டில் நுழையும்.

“டிவி இல்லாம அவங்களுக்குப் பொழுது போகுமா அக்கா?”

“நான் இருக்கேனே மோளே, சீரியல் எதுக்கு?”

டிவியை மேசையோடு தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கட்டிலில் தானே படுத்துப் பார்த்தார். பிறகு தலைமாட்டைத் திருப்பிப் போட்டார்.

“இப்போ இங்கேருந்து அடுப்பைக் காணலாம். என்னைக் குத்தம் சொல்லாம அவங்களுக்குச் சோறு எறங்காது.”

அவர்கள் சண்டை எங்கள் வீடுவரை கேட்கும். அது இருவரில் யாருக்கு அதிகம் தேவைப்பட்டது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.