இராசநாயகத்தார் சுறா பார்த்த கதை

உடுவிலில் இராசநாயகத்தார் வீட்டுக் கேற், எதிர்வீட்டு வாகீசனின் கேற்றைவிட ஒரு சாண் உயரம். வாகீசன் தண்ணீர்த் தாங்கி கட்டினால் கொஞ்ச நாளில் இவர் வீட்டில் அதைவிட உயரமாக ஒன்று எழும்பும். அரசாங்கக் கந்தோரில் தலைமை இலிகிதராக இருந்து இளைப்பாறியவருக்கு இளைப்பாறத்தான் நேரமில்லை. எதிர்வீட்டைக் கண்காணிக்கும் உத்தியோகம் வந்து சேர்ந்திருந்தது.

அந்த உத்தியோகத்தில் போன வருடம் அவருக்குப் பலத்த அடி விழுந்தது. அவுஸ்திரேலியாவுக்கு மகனிடம் போன வாகீசன் விமானத்திலிருந்து குதித்துவிட்டு வந்தார். வெள்ளைக்காரன் ஒருவனின் வயிற்றோடு சேர்த்துக் கட்டப்பட்டு, வாயைப் பிளந்தபடி ஆகாயத்தில் தொங்கும் அந்தப் படம் வாகீசன் வீட்டு விறாந்தையில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஏறியது. தேத்தண்ணி குடிக்கப் போனவர்கள் அதைப் புகழாமல் கேற்றைத் தாண்ட முடியாது.

"உவன் எங்கை குதிச்சவன்? குதிச்சது வெள்ளைக்காரன். உவன் ஒட்டிக்கொண்டு வந்தவன்" என்று இராசநாயகத்தார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சொல்லி என்ன செய்ய? அவனிடம் படம் இருந்தது, இவரிடம் வாய்தான் இருந்தது.

அதனால்தான், கனடாவிலிருந்து புருஷன் ஜெயதீபனோடு வந்து நின்ற மகள் ஆரபி, "அப்பா, பருத்தித்துறைப் பக்கம் கடலுக்கை கூட்டிக்கொண்டுபோய்ச் சுறா காட்டுறாங்களாம். எல்லாரும் போவமே?" என்று கேட்டபோது, கீரிமலைக் கேணியில்கூட மேல் படியை விட்டு இறங்காத மனிதர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"படம் எடுக்கலாமோ?"

"உயிரோடை திரும்பலாமோ எண்டு கேளுங்கோ முதல்லை" என்றாள் மனைவி பராசக்தி.

விடியப்புறம் வான் வந்து நின்றது. ஏறப்போகும் வேளை பார்த்து, எதிர்க் கேற்றில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வாகீசன் குரல் கொடுத்தார்.

"என்ன அண்ணை, குடும்பமாய் எங்கை போறியள்?"

பயணம் வெளிக்கிடுகிற ஆளை எங்கே என்று கேட்கக்கூடாது என்பது உடுவிலில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். வாகீசனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கேட்டார்.

இராசநாயகத்தார் வானிலிருந்து இறங்கி, உள்ளே போய், கதிரையில் இருந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். வாகீசன் கேட்ட கேள்விக்கு வெறும் தண்ணீர் போதாது என்று பட்டிருக்கவேண்டும். சாமியறைக்குள் போய் விபூதியைக் குழைத்து, நெற்றியில் தோல் தெரியாதபடி அள்ளிப் பூசிக்கொண்டு வந்தார்.

"மதிலுக்கு வெள்ளை அடிச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள் பராசக்தி.

"கடலுக்குப் போறன். காவல் வேணும்."

கடலில் கூட்டிப்போக வந்தவன் ஜெரிசன் என்ற பொடியன். 'சுறா டைவிங்' என்று படகில் பெரிதாக எழுதியிருந்தான். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, படகுக் கயிற்றைப் பிடித்தபடி முகத்தை மட்டும் தண்ணீருக்குள் விடுவதற்குத்தான் அந்தப் பெயர். காற்றெழும்பாத நல்ல கடல். முகக்கண்ணாடியைக் கொடுக்கும்போது அவன் இராசநாயகத்தாரின் நெற்றியைப் பார்த்துத் திகைத்தான்.

"ஐயா, அதைக் கொஞ்சம் துடையுங்கோ. கண்ணாடி தோலோடை ஒட்டோணும். இல்லாட்டித் தண்ணி உள்ளுக்கை பூந்திடும்."

"திருநீறைத் துடைக்கவோ? தம்பி, சுறா கடிச்சாலும் நான் திருநீறோடைதான் போவன்."

"உந்தச் சுறா கடிக்காது ஐயா. உங்களைக் கண்டு ஓடாட்டிப் போதும்."

"மாமா, துடைச்சிட்டுப் பிறகு பூசுங்கோவன்" என்று ஜெயதீபனும் சொல்லிப் பார்த்தான்.

"நீங்கள் படத்தை ஒழுங்காய் எடுங்கோ, அது காணும்."

மகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு முதலில் இறங்கியவள் பராசக்தி. "ஆரபி பிறந்த நேரம் பத்தியக் கறிக்குப் பால்சுறா தேடிச் சந்தை சந்தையாய் அலைஞ்சனான். இண்டைக்கு நான் அதின்ரை வீட்டுக்கு வந்திருக்கிறன்" என்று சிரித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள்.

தண்ணீருக்குள் படமெடுக்கும் கமராவோடு ஜெயதீபனும், கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி இராசநாயகத்தாரும் இறங்கினார்கள். ஜெரிசன் கையை உயர்த்தினான். சுறா வந்துவிட்டது. கந்தனை நினைத்துக்கொண்டு இராசநாயகத்தாரும் முகத்தை அமிழ்த்தினார்.

அரிசி கழுவிய தண்ணீருக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. கண்ணாடிக்குள் பூந்த கடல் நெற்றியைக் கழுவி, கண்ணுக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று நின்றது. கண் எரிந்தது. தலையை எடுத்துத் துடைத்திருக்கலாம். ஆனால் அதற்குள் ஜெயதீபன் படத்தை எடுத்துவிட்டால்? அவர் என்ன, சுறாவைப் பார்க்கவா வந்தவர்? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சுறா எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல், பெருவிரலை உயர்த்திப் பிடித்தார்.

"அப்பா, கண்டனீங்களே?" என்றாள் ஆரபி, படகில் ஏறியதும்.

"காணாமலே! இந்தா, இவ்வளவு!" இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"அதிலை பாதியும் வராதப்பா."

படம் பெரிதாக்கப்பட்டு, வாகீசனின் படத்தைவிட அகலமான சட்டத்தில் விறாந்தையில் ஏறியது. அன்றே வாகீசன் தேத்தண்ணிக்கு அழைக்கப்பட்டார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"சுறா வடிவாய் விழுந்திருக்கு அண்ணை. செட்டை நுனியிலை மை தொட்ட மாதிரிக் கறுப்புக்கூடத் தெரியுது. பின்னுக்குப் பராசக்தியக்காவும் நல்ல வடிவு, தேர் பாக்கிற மாதிரிக் கண்ணை விரிச்சுக்கொண்டு நிக்கிறா. நடுவிலை உது ஆர்?"

"ஆரோ? நான்தான்!"

"முகத்தைக் காணேல்லையே அண்ணை. கண்ணாடி முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி..."

"அது திருநீறு."

"ஓமோம், திருநீறு எண்டால் திருநீறுதான்" என்று வாகீசன் பணிவாகத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டார். "நான் அண்டைக்கு எங்கை போறியள் எண்டு கேட்டதுக்கு இப்பத்தான் மறுமொழி வந்திருக்கு."

இப்போது ஒழுங்கையிலுள்ள அத்தனை வீட்டிலும் அதற்குப் பெயர் 'பராசக்தியக்காவின்ரை சுறாப் படம்'. வருகிறவர்கள் அவளிடம்தான் கேட்கிறார்கள். அது எப்படி வளைந்தது, எப்படிப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தது, அசையாமலே எப்படி நழுவிப் போனது என்று அவளும் கையால் நீந்திக் காட்டிச் சொல்லுவாள். பக்கத்துக் கதிரையில் இருந்து, எல்லாம் தெரிந்தவர்போல, இராசநாயகத்தார் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

சுறா எப்படி இருந்தது என்று அவரும் அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொள்ளுகிறார்.