குசினி விளக்கு

மாலை நான்கு மணி நாற்பது நிமிடம். முற்றத்துக்கு எதிரே மூன்றாம் மாடியில் அக்கா சமைக்கும் குசினியின் விளக்கு இரண்டு தரம் அணைந்து எரிந்தது. டிசம்பர் மாதம், வெளியே ஏற்கெனவே இருட்டிவிட்டது.

ஜேர்மனியின் ஹம் நகரில் எங்கள் குடியிருப்பு, ஒரு முற்றத்தைச் சுற்றி நிற்கும் மூன்று கட்டடங்கள். ஒக்டோபர் கடைசியில் குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியதும் அக்கா இந்த ஏற்பாட்டைத் தொடங்குவார். விளக்கு இரண்டு தரம் அணைந்தால் தேத்தண்ணி தயார். வருகிறவர் தன் விளக்கையும் அதேபோல அணைத்துக் காட்ட வேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

“போனிலை எல்லாருக்கும் ஒரு சாட்டு வரும், பிள்ளை. லைற்றோடை ஆர் தர்க்கம் பண்ணலாம்?”

நான் அக்கா என்று கூப்பிடும் அவரும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம். இருட்டில் போய், வெளிச்சம் தீரும் நேரத்தில் வீடு வருவோம். மகன் படிப்புக்காக டிரெஸ்டனுக்குப் போன முதல் குளிர்காலத்தில், வந்ததும் போர்வைக்குள் புகுந்துவிடுவேன். அந்த விளக்குதான் என்னை எழுப்பிச் சப்பாத்தை மாட்ட வைத்தது. அதற்காக அக்காவுக்கு இன்றும் நன்றியுடன் இருக்கிறேன்.

இந்த டிசம்பரில் எங்கள் கண்ணெல்லாம் பக்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடி யன்னலில் இருந்தது. அங்கே இருக்கும், நாங்கள் அண்ணை என்று கூப்பிடும் மனிதரின் மனைவி கோடையில் இறந்திருந்தார். முன்பு இருவரும் தவறாமல் வருவார்கள். இப்போது அந்த யன்னலில் விளக்கு எரியும், அணையாது. கதவைத் தட்டினால், “இண்டைக்கு ஏலாது, நாளைக்குப் பாப்பம்” என்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதையும் விட்டுவிட்டார். இந்தக் குளிரோடு மனிதர் முற்றாக அடைந்துபோவார் என்று அக்கா பயந்தார்.

அன்று அக்கா பொறுமை இழந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது சுவிச்சில் கைவைத்தபடி, அண்ணையின் யன்னலைப் பார்த்து விளக்கை அணைத்து அணைத்து எரித்துக்கொண்டிருந்தார்.

“விடுங்கோ அக்கா, பல்ப் போகப்போகுது.”

“போகட்டும். அந்தாள் வரட்டும்.”

வாசல் மணி அடித்தது. அண்ணைக்குப் பக்கத்து வீட்டு ஜேர்மன் மூதாட்டி நின்றார். ஒரு கையில் டோர்ச், மறு கையில் காரில் வைக்கும் முதலுதவிப் பை. அவருக்குப் பின்னால், சாரத்துக்கு மேல் குளிர் ஜாக்கெட்டும் வீட்டுச் செருப்புமாக அண்ணை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். யாரோ விளக்கால் உதவி கேட்கிறார்கள், தமிழ் வீடு, மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்று மூதாட்டி அவரை அழைத்து வந்திருந்தார்.

“அண்ணை, தேத்தண்ணிக்கெண்டு உங்களுக்குத் தெரியாதோ?” என்றார் அக்கா.

“இரண்டு தரமெண்டால் தேத்தண்ணி. ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்தானே. இது நிக்காமல் அடிக்குது. வீடு பத்தி எரியுதாக்குமெண்டு ஓடி வாறன்!”

“ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டோ இருந்தனீங்கள்?”

அண்ணை ஜாக்கெட்டின் சிப்பை இழுத்து மூடினார்.

“சரி, செருப்போடை நிண்டு விறைக்காமல் உள்ளை வந்து இருங்கோ.”

அவர் உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். மூதாட்டி முதலுதவிப் பையைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, இஞ்சித் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். இந்த விளக்குச் சங்கதி என்னவென்று கேட்டார். அண்ணைதான் ஜேர்மன் மொழியில் விளக்கினார்: இரண்டு தரம் கூப்பிடுவது, இரண்டு தரம் பதில் சொல்வது. “எங்கள் வீட்டில் அதை என் மனைவிதான் செய்வார்” என்றும் சொன்னார். அடக்கத்துக்குப் பிறகு அவர் மனைவியைப் பற்றிப் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான். அக்கா வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். இரண்டு சாப்பிட்டார்.

மறுநாள் நான் வேலையிலிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். வழக்கமான நேரத்துக்கு அக்கா விளக்கை இரண்டு தரம் அணைத்தார். பக்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், அடுத்தடுத்த இரண்டு யன்னல்கள் அணைந்து எரிந்தன.