மாமாவின் முழங்கால்கள்

சர்ச்சில் பூசையின்போது நன்மை அப்பம் வாங்க எங்கள் வரிசை எழுந்தால் மாமா முழங்கால்களை ஒருபக்கமாகத் திருப்பிக்கொள்வார், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காரருக்கு வழி விடுவது மாதிரி. நானும் அம்மாவும் அவரைத் தாண்டிப் போய் அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்ப அவரைத் தாண்டியே உள்ளே வருவோம். அவர் போகமாட்டார். தூத்துக்குடியில் நடந்த முதல் கல்யாணம் கோர்ட்டில் முறிந்துவிட்டது; சர்ச் கணக்கில் முறியவில்லை. அது செல்லாது என்று சர்ச் சொல்லாதவரை, அத்தையோடு வாழ்கிற மாமாவுக்கு நன்மை கிடையாது. அத்தை இந்து. ஞாயிறு காலை எங்களை இறக்கிவிட்டு அவர் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போய்விடுவார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் ஆஸ்டினில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டே இடைக்கால ஐரோப்பா என்று ஒரு வரலாற்றுப் பாடமும் எடுத்திருந்தேன். பைத்தியமே பிடித்திருந்தது. லீவில் வந்தால் ஃப்ரீவே முழுக்க அதையேதான் பேசுவேன். ஓர் ஆர்ச்பிஷப்புக்காக இங்கிலாந்து ராஜாவும் போப்பும் சண்டை போட்டது, போப் நாடு முழுக்க சர்ச்சுகளை அடைத்தது, வருஷக்கணக்கில் மணி அடிக்காதது, செத்தவர்களைப் பூசையில்லாமல் புதைத்தது. பிறகு ராஜா பணிந்தான். பிரபுக்கள் அவன் கழுத்தில் கத்தி வைத்து ஒரு சாசனம் வாங்கினார்கள். அதே போப் அதைச் செல்லாது என்றுவிட்டார்.

"எவ்ளோ நாள்ல?" என்றார் மாமா, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்.

"ரெண்டு மூணு மாசம்தான் மாமா. குதிரையில சேதி போயி வந்த காலம்!"

"நம்ம கேஸ் ஈமெயில்லதான் மாப்ள போகுது" என்றார். அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன். முதல் கல்யாணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு மாமா சர்ச்சில் போட்ட ஃபைல் ஹூஸ்டனுக்கும் தூத்துக்குடிக்கும் அலைந்துகொண்டிருந்தது. சாட்சி சொல்ல அங்கே யாரும் வரவில்லை.

மாமாவுக்கு அவசரம் இருந்தது. அவருக்கும் அத்தைக்கும் பிறந்த எட்டு வயது மகளுக்கு அந்த மே மாதம் புதுநன்மை, முதல்தடவையாக அப்பம் வாங்குகிற நாள். அப்பாவோடு சேர்ந்து வாங்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். தீர்ப்பு வரவில்லை. நன்மை வாங்க முடியாதவர்கள் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு போனால் இங்கே ஃபாதர் ஆசீர்வாதம் மட்டும் கொடுப்பார். "கையக் கட்டிட்டு நிக்க நான் என்ன எல்.கே.ஜி.யா?" என்று அதுவரை மறுத்துவந்த மாமா, அன்றைக்குக் கட்டிக்கொண்டு போனார். வெள்ளை கவுனில் முன்னால் போன மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். தானும் கைகளை அதேபோலக் கட்டிக்கொண்டாள். ஃபாதர் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கிவிட்டார். மாமா குனிந்து அவள் கைகளைப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏந்த வைத்தார். "நோ டாடி, சேம் அஸ் யூ" என்றாள் அவள். அப்பம் அவள் கையில் விழுந்தது.

முதல் கல்யாணத்துக்கு இந்த வருஷம்தான் தீர்ப்பு வந்தது. செல்லாது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஃபாதர் மாமாவையும் அத்தையையும் நிற்க வைத்து அவர்கள் கல்யாணத்தை மந்திரித்து ஆசீர்வதித்தார். கேக் சாப்பிட்டோம். மகளுக்குப் பதினைந்து வயதாகிவிட்டது; மறுநாள் காலை எழுப்பியபோது, "யூ கோ டாடி" என்று போர்வையை இழுத்துக்கொண்டாளாம்.

அன்றைக்கும் எங்கள் வரிசை எழுந்தது; மாமாவுக்குப் பக்கத்தில் மகளின் இடம் காலியாக இருந்தது. மாமா முழங்கால்களை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"மாமா, இனிமே நீங்களும் வரலாம்" என்றேன் மெதுவாக.

"தெரியும் மாப்ள" என்றார். "நீ போ."

நான் அவரைத் தாண்டிப் போனேன்.