ஆப்பை அழிக்காதீர்கள், அக்கா

மலேசியாவின் குளுவாங்கில் வீட்டிலிருந்தபடியே, குரல் பதிவு ஆப் ஒன்றின் கிராஷ் ரிப்போர்ட்களைப் படிப்பது என் வேலை.

ஆப் திடீரென்று நின்றுபோனால் அந்த ரிப்போர்ட் தானாக எங்களுக்கு வரும்; "என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று அதிலேயே கேட்போம். இன்று காலை ஒரு பெண் தமிழில் எழுதியிருந்தார்:

"வீட்டுக்காரர் தவறிட்டாரு. அவர் பேசுனது இதுலதான் இருக்கு. தினமும் கேப்பேன். இப்ப தொறக்கவே மாட்டேங்குது."

பதில் அனுப்ப வழியில்லை. ரிப்போர்ட்டில் பெயரோ நம்பரோ வராது. கோளாறை அவசரமாகச் சரிசெய்து அப்டேட் விட்டேன்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். "அந்த கிராஷ் மறுபடி வரல லா. கேஸ க்ளோஸ் பண்ணிடுங்க."

அப்டேட் போய்ச் சேர்ந்திருக்கலாம். அல்லது யாராவது அவரிடம், "ஆப்ப அழிச்சிட்டு மறுபடி போடுங்க லா" என்றிருக்கலாம். பதிவுகள் ஆப்புக்குள்ளேயே இருப்பவை; அழித்தால் அந்தக் குரலும் போய்விடும்.

எங்கள் திரையில் இரண்டும் 'கிராஷ் இல்லை' என்று ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆப் திறக்கவில்லை என்று உங்கள் அம்மா போனை நீட்டினால் நீங்கள் முதலில் என்ன சொல்வீர்கள்?